படுக்கையும் பசியாறலும்

அம்மாவிடம் முதலிலேயே விலையைச் சொன்னது என் தவறு.

“ஒரு ராத்திரிக்கு 90 வெள்ளிம்மா. பசியாறல் சேர்த்து.”

கைப்பேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: “நம்ம வீட்டுலேர்ந்து அரை மணி நேரந்தான். இங்கயே கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு. எதுக்கு இன்னொருத்தர் வீட்டுல காசு குடுத்துப் படுக்கணும்?”

அம்மா இருப்பது சுங்கை பட்டாணியில். நான் பதிவு செய்திருந்தது கோத்தா கோலா மூடாவில், கடலுக்குப் பக்கத்துக் கம்பத்தில் உள்ள ஒரு பண்ணை வீட்டை. முன்னால் வயல், பக்கத்தில் வாத்துக் கூண்டு, பின்னால் தென்னையும் காய்கறிப் பாத்திகளும். வீட்டுக்கார மலாய் அம்மையாரும் அங்கேயேதான் இருக்கிறார். மாடியில் அவருடைய பிள்ளைகள் வளர்ந்த மூன்று அறைகள் இப்போது விருந்தினருக்கு.

“சும்மா ஒரு மாத்தத்துக்கும்மா. நீங்க எங்கயும் போனதே இல்லல்ல” என்றேன்.

அது பாதி உண்மை. மீதியை அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கு வயது 36. கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளராக இருக்கிறேன். காலை 6 மணி நிகழ்ச்சி என்னுடையது. 4 மணிக்கு எழுந்து, 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். கணவருக்கு ஷிப்ட் வேலை. மகனுக்கு மூன்று வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 67. முட்டி வலியோடு தனியாக இருக்கிறார். சுங்கை பட்டாணி வீட்டை விற்றுவிட்டு அம்மா எங்களோடு வந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். கணவரும் சரி என்றார். அம்மாவிடம் பேசுவதுதான் பாக்கி. வீட்டில் வைத்துப் பேசினால், “அப்பறம் பாக்கலாம்” என்று அடுப்படிக்குப் போய்விடுவார். அடுப்படி இல்லாத இடமாகத் தேடினேன்.

நம் நாட்டில் இப்போது வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் ‘ஹோம்ஸ்டே’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிடுகிறார்கள். சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும். எடுத்துத் திறந்து, தங்கிவிட்டு, வீட்டுக்காரர் முகத்தையே பார்க்காமல் திரும்பிவிடலாம். 1995-இல் பகாங் மாநிலத்துத் தெமர்லோவில், டேசா மூர்னியில் சுற்றுலா அமைச்சு தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டம் வேறு வகை. விருந்தினர் அந்தக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்க வேண்டும், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், அவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும். இந்த வீடு அந்த வகையைச் சேர்ந்தது. தொலைபேசியில் பேசும்போதே வீட்டுக்கார அம்மையார் கேட்டார்: “உங்கள் அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்தானே? அந்த இரண்டு நாளும் என் அடுப்பில் அது ஏறாது. கவலைப்பட வேண்டாம்.” இதை அம்மாவிடம் சொன்னேன். விலையைக் கேட்டுச் சுருங்கிய குரல் கொஞ்சம் இளகியது.

ஒரு சனிக்கிழமை காலை கணவரிடம் மகனை விட்டுவிட்டு வடக்கே காரை ஓட்டினேன். அம்மா வாசலில் தயாராக நின்றார். ஒரு பையில் துணி. இன்னொரு பையில் அரிசி, பருப்பு, ஒரு டின் பால், மாசிலாத் தூள், சவர்க்காரம்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போவாங்களா?”

அரிசியை மட்டும் இறக்கி வைத்தேன். மற்றவற்றை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

•

கோத்தா கோலா மூடாவுக்குப் போகிற யாரும் தவறவிடக் கூடாத ஓர் இடம் ‘பாசார் பீசிக்’. பீசிக் என்றால் மலாயில் கிசுகிசுப்பது. படகு கரைக்கு வந்ததும் மீனைக் கொட்டிக் குவிக்கிறார்கள். மீன்காரர் பக்கத்தில் நிற்கிறார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய தோளைப் பிடித்து, காதருகே வாயை வைத்துத் தங்கள் விலையைச் சொல்கிறார்கள். அவர் முகத்தில் எதுவும் தெரியாது. எல்லாரும் சொல்லி முடித்ததும், அதிக விலை சொன்னவர் பக்கம் கையைக் காட்டுகிறார். குவியல் அவருக்கு. மற்றவர்கள் என்ன விலை சொன்னார்கள் என்பது அவர்களுக்கும் மீன்காரருக்கும் மட்டுமே தெரியும்.

நான் சத்தத்தில் பிழைப்பவள். ஏலம் என்றால் கூவல் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ஒரு கூட்டமே ஏலம் விடுகிறது, காக்காயின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து பார்த்தேன். காற்றும் படகு இயந்திரமும் மட்டும் பதிவாகியிருந்தன.

அம்மா முட்டி வலியை மறந்து, ஒரு குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கெம்போங் மீன், இறால், நண்டு என்று ஒவ்வொன்றும் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்ல பழக்கம்” என்றார் திரும்பி வரும்போது. “கொறைச்சலா கேட்டவனுக்கும் வெக்கம் இல்ல. குடுக்க மாட்டேன்னு சொன்னவனுக்கும் சங்கடம் இல்ல.”

அங்கிருந்து போகும் வழியில் உடைந்த படகுகளை வைத்து எழுப்பிய நினைவிடத்தைப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது 16 வயது. சுமத்ரா பக்கம் காலையில் பூமி அதிர்ந்தது. மதியத்துக்கு மேல் கெடா, பினாங்கு கரைகளுக்கு அலை வந்தது. சுமத்ரா தீவு குறுக்கே கிடந்ததால் நமக்கு அடி குறைந்தது என்பார்கள். ஆனாலும் இந்தக் கரையில் வீடு இழந்தவர்களுக்கும் படகு இழந்தவர்களுக்கும் அது குறைந்த அடியாக இருந்திருக்காது. அன்றைக்கு அப்பா சுங்கை பட்டாணி வீட்டில் வானொலியைத் திருகிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. அந்த வானொலிப் பெட்டி தோட்டத்திலிருந்து கொண்டு வந்தது. வானொலி ஆறைத் தவிர வேறு அலைவரிசையில் அதன் முள் நின்று நான் பார்த்ததில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு நான் படித்த ஊடகத் துறைப் பட்டம் பாதிக் காரணம் என்றால், அந்தப் பெட்டி மீதிக் காரணம்.

•

வீடு நான் படத்தில் பார்த்தபடியே இருந்தது. தூண்களின் மேல் நிற்கும் மரவீடு. கீழ்த்தளம் மட்டும் பிறகு கல் வைத்துக் கட்டியது. அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றது. வடக்கே ஜெராய் மலை. 1,200 மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்கும் அந்த மலையைப் பார்த்துத்தான் பழைய காலத்துக் கப்பல்கள் கடாரத்துக்கு வழி கண்டுபிடித்தன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மாவுக்கு அது வேறு விஷயம். “ஜெராய் தலையில மேகம் எறங்குனா மழை” என்றார். “மழைன்னா பெரட்டு இல்ல.”

பெரட்டு என்ற சொல் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. தோட்டத்தில் விடியுமுன் எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அம்மா 16 வயதில், 1973-இல், சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பேர் பதிந்தார். 25 வருடம் பால் வெட்டினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மரம். விடியும் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நெற்றி விளக்கோடு போவார்கள். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. அதனால் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை.

வீட்டுக்கார அம்மையாரை நான் ‘மக்சிக்’ என்று கூப்பிட்டேன். அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் ‘காக்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மலாயில் அக்கா. அம்மாவின் மலாய் தோட்டத்துக் கடையிலும் தொழிற்சாலையிலும் கற்றது. இலக்கணம் இருக்காது, ஆனால் சொல்ல வந்தது போய்ச் சேரும். பால் டின்னையும் மாசிலாத் தூளையும் நீட்டினார். மக்சிக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அரிசியையும் இறக்காமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். மக்சிக்கின் கணவர் மீன்பிடித்தவர். அலை வந்த அன்று உயிர் பிழைத்தார்கள். கீழ்த்தளம் போய்விட்டது. வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்றபோதும் நிலம் இங்கே இருப்பதால் நகரவில்லை. கணவர் பிறகு நோயில் இறந்தார். மூன்று பிள்ளைகள். ஒருவர் ஜொகூர், இருவர் கோலாலம்பூர். வா வா என்று மூவரும் கூப்பிடுகிறார்கள்.

“நீங்கள் போகவில்லையா?” என்று நான் நடுவில் கேட்டேன். பதிலை அம்மா கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

“போவேன். ஒரு வாரம் இருப்பேன். வந்துவிடுவேன்” என்றார். “இங்கே மூன்று அறை சும்மா கிடந்தது. ராத்திரியில் வீடு ரொம்பப் பெரிதாகிவிடும். இப்போது யாராவது வருகிறார்கள், கதவு திறக்கிறது, மூடுகிறது. நன்றாகத் தூங்குகிறேன்.”

நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

•

இரவு மழை பிடித்தது. துத்தநாகக் கூரையில் மழை விழும் சத்தத்தை நான் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மழை கண்ணாடிக்கு வெளியே ஊமையாகப் பெய்யும். நான் விழித்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அம்மா புரண்டு படுத்து, அரைத் தூக்கத்தில் சொன்னார்: “நாளைக்குப் பெரட்டு இருக்காது.”

அந்தத் தோட்டத்தில் அம்மா கடைசியாகப் பெரட்டுக்கு நின்று 26 வருடம் ஆகிறது.

நான் எழுந்தபோது மணி ஐந்தரை. எனக்கு அதுவே தாமதம். அம்மாவின் கட்டில் காலி. போர்வை நான்காக மடித்திருந்தது. தலையணை உறையைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். கீழே போனேன். வாசல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். மழையில் விழுந்த இலைகள் ஓர் ஓரமாகக் குவிந்திருந்தன. கூட்டி முடித்துவிட்டு வாத்துக் கூண்டுப் பக்கம் போகத் தயாராக இருந்தார்.

மக்சிக் தொழுகைக்கு எழுந்து வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு இறங்கி வந்து அம்மாவின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்தார். அம்மா விடவில்லை. இரண்டு கிழவிகளும் ஒரு துடைப்பத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். சிரிப்பாகவும் இருந்தது, பார்க்க முடியாமலும் இருந்தது.

“டுடுக், காக்” என்றார் மக்சிக். உட்காருங்கள் அக்கா. “நீங்கள் என் விருந்தாளி.”

“சும்மா இருக்க முடியலை” என்றார் அம்மா மலாயில்.

“எனக்கும்தான். அதனால்தான் இந்த வீட்டு வேலையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.”

அம்மா துடைப்பத்தை விட்டார்.

ஏழு மணிக்குப் பசியாறல் வந்தது. ஆவியில் வேகவைத்த புளூட் அரிசி, துருவிய தேங்காய், பொரித்த கருவாடு, கோப்பி ஓ. வடக்கு மாநிலக் கம்பங்களில் காலை உணவாக இதைத்தான் சாப்பிடுவார்கள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மக்சிக் தட்டில் பரிமாறினார். அம்மா இரண்டு முறை எழப் பார்த்தார். இரண்டு முறையும் மக்சிக் கையால் சைகை காட்டினார். அதற்குப் பிறகு அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். சாய்ந்து உட்கார்ந்து அம்மா சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருடைய பசியாறல் தூக்குச்சட்டியில் போகும். ஒன்பது மணிக்கு மரத்தடியில் ஆறிப்போன சோறு. தொழிற்சாலைக்குப் போனபோது பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ரொட்டித் துண்டு. வீட்டில் எங்களுக்குப் போட்டுவிட்டு நின்றபடியே.

“சூடா இருக்கு” என்றார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

சாப்பிட்ட பிறகு வாசலில் தொங்கிய பூத்தொட்டிகளைப் பார்த்தார். சின்னச் சின்ன மண்கிண்ணங்களில் கம்பி கட்டி, செடி வைத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அழகாக இருக்கிறது என்று நான் முதல் நாளே படம் எடுத்திருந்தேன். அம்மா ஒன்றைக் கையில் பிடித்து, கட்டை விரலால் உட்புற விளிம்பை ஒரு சுற்று வழித்தார். விரல் தானாகச் செய்தது.

“மங்கு” என்றார்.

பால் மரத்தில் கட்டும் மங்கு. எனக்கு அது தெரியவே இல்லை. தோட்டத்தில் பத்து வயது வரை வளர்ந்தவள் நான்.

•

மக்சிக் வயலைப் பார்க்கப் போன நேரத்தில் நான் பேச்சை எடுத்தேன். தொழிலில் நாங்கள் முதலில் கற்பது, காற்றலையில் மௌனம் விழக் கூடாது என்பது. மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையில் முகங்கள் மாறும். அந்தப் பழக்கத்தில் நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டு போனேன். முட்டி வலி, தனிமை, கோலாலம்பூரில் நல்ல மருத்துவமனை, பேரன், பக்கத்திலேயே கோயில், வீட்டை விற்றால் நல்ல விலை போகும், அந்தப் பணம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும். எல்லாம் சொல்லி முடித்தேன்.

“கிட்ட வா” என்றார் அம்மா.

போனேன். என் தோளைப் பிடித்து, காதருகே வாயை வைத்து, முந்தின நாள் மீன் சந்தையில் பார்த்தது போலவே கிசுகிசுத்தார்: “விக்க மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அம்மா பேசினார்.

“ரேடியோவுல நீ ‘எப்படி இருக்கீங்க நேயர்களே’ன்னு கேப்ப. நானும் இங்கேர்ந்து பதில் சொல்லுவேன். அதுக்குள்ள பாட்டைப் போட்டுருவ. இப்பயாவது பாட்டுப் போடாம கேளு.”

கேட்டேன்.

“லயத்துல நான் பொறந்தேன். லயத்துல கல்யாணம் பண்ணுனேன். ஒன்னையும் அங்கதான் பெத்தேன். ஒரு நாளும் அது நம்ம வீடு இல்ல. வேலை இருந்தா வீடு. வேலை போச்சுன்னா வீடும் போச்சு. தோட்டத்தை மூடுனப்ப நோட்டீஸ் குடுத்தாங்க. வேலைக்கு நட்டஈடு குடுத்தாங்க. வீட்டுக்கு என்னா குடுத்தாங்க? சாவியைக் கேட்டாங்க.”

1998-இல் நடந்தது அது. எனக்குப் பத்து வயது. வேலை நீக்கப் பலன்களுக்கான 1980-ஆம் ஆண்டு விதிகள் இன்றும் அப்படியே உள்ளன. ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். அம்மாவின் 25 வருடத்துக்கு 500 நாள் சம்பளம். நாள் சம்பளக்காரருக்கு அது எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் எல்லாம் அதில் உண்டு. வேலை முடிந்த பிறகு அந்த வீட்டில் யார் இருப்பது என்ற கேள்விக்கு மட்டும், முப்பது வருடம் இருந்தவரும் வெளியேற வேண்டும் என்பதே நடைமுறையாக இருந்தது.

“அப்பறம் ஒங்கப்பாவும் நானும் இ.பி.எஃப். காசை எடுத்து, மிச்சத்துக்குக் கடன் போட்டு, 25,000 வெள்ளிக்கு அந்த மலிவு வீட்டை வாங்குனோம். 20 வருசம் கட்டுனோம். நான் ஃபேக்டரியில தரை தொடச்ச காசு அது. கடைசித் தவணை கட்டுன அன்னைக்கு ஒங்கப்பா கேட்டைப் பிடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் வெளியவே நின்னாரு. அந்த வீட்டுல நான் வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். எழுந்திருக்கலாம், படுத்தும் கெடக்கலாம். போன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல.”

“நான் போன்னு சொல்லுவேனாம்மா?”

“நீ சொல்ல மாட்ட. ஆனா எதுக்குக் கூப்புடுற? புள்ளையப் பாத்துக்கணும். அதுல தப்பில்ல. நானும் ஒன்னைய ஆயா கொட்டகையில போட்டுட்டுத்தான் விடியக்காலையில மரத்துக்குப் போனேன். ஆனா ஆயாவுக்கும் வேலை இருக்குற வரைக்குந்தான் கொட்டகை. ரெண்டு வருசத்துல புள்ள ஸ்கூலுக்குப் போயிரும். அப்பறம் அந்த வீட்டுல நான் யாரு? மறுபடியும் வேலையோட சேர்ந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்மா.”

நான் மகனைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தேன். அதையும் ‘பேரனோடு இருக்கலாம்’ என்று இனிப்பு தடவித்தான் சொன்னேன். பராமரிப்பாளருக்குக் கொடுக்கும் மாதப் பணம் மிச்சமாகும் என்று நானும் கணவரும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தது அம்மாவுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று விநாடி போனது. அதற்கு மேலும் போனது. வாத்துகள் கத்தின. கட்டுப்பாட்டு அறையில் யாரும் முகம் மாற்றவில்லை.

“கோவமா?” என்று அம்மாதான் கேட்டார்.

“இல்லம்மா. வெக்கமா இருக்கு.”

“இதுல என்னா வெக்கம். வெலை சொன்ன. படியலை. அவ்ளோதான்.”

•

கிளம்பும்போது மக்சிக் ஒரு டஜன் வாத்து முட்டைகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அம்மா காசு கொடுக்கப் பார்த்தார். மக்சிக் வாங்கவில்லை. “நீங்கள் வாசல் கூட்டியதற்கு” என்றார். அம்மா சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் சிடாம் கிரிக்குப் போகலாமா என்று அம்மாதான் கேட்டார். கிரி என்றால் மலாயில் இடது. கூலிம் மாவட்டத்தில் சிடாம் கானான் இருக்கிறது, அது வலது. இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் கித்தா மரக் காடுகள். இப்போது சில இடங்களில் செம்பனை, சில இடங்களில் வரிசை வீடுகள். எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் புதிய வீடமைப்புப் பகுதிக்கான விளம்பரப் பலகை நின்றது. விலை ஆறு இலக்கத்தில் போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே, புதுச் சாயம் பூசிக்கொண்டு இருந்தது.

அம்மா காரை விட்டு இறங்கினார். கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று, “இங்க நம்ம அடுப்படி” என்றார். அங்கே தார் ரோடும் சாக்கடை மூடியும் இருந்தன. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மூடியைச் செருப்பால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுக்குப் போலாம்” என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எந்த வீடு என்று யோசித்தேன்.

நாங்கள் இப்போது மகனை எங்கள் மாடியிலேயே இருக்கும் ஓர் அக்காவிடம் விடுகிறோம். விடியற்காலையில் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். மாதம் 700 ரிங்கிட். கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவருக்குச் சேர வேண்டிய சம்பளம். அம்மாவின் முட்டிக்கு மாதம் ஒருமுறை நான் வந்து மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

போன மாதம் அம்மா கூப்பிட்டார். செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண், ஜொகூர்க்காரி, தங்க இடம் தேடினாளாம். கோயிலில் யாரோ சொல்லி வந்திருக்கிறாள்.

“ஒன் ரூமைக் குடுத்துட்டேன்” என்றார். “சும்மாதான கெடந்துச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிக்குது. கதவு தொறக்குற சத்தம் கேட்டாத் தூக்கம் நல்லா வருது. மாசம் 250 வெள்ளி. பசியாறல் சேத்து.”

“அப்ப நான் வந்தா எங்கம்மா படுக்குறது?”

“ஹாலுல பாய் போட்டுத் தர்றேன். வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிச் சொல்லிரு” என்றார் அம்மா. “ஒனக்குக் காசு வேணாம். வாசலைக் கூட்டிட்டுப் போ.”